இஞ்ஞாசியின் சிவப்பு நிழல்

சாளைத்துறையில் ஐஸ் பிளாண்ட் இஞ்ஞாசியின் நிழல் சிவந்துபோன விஷயத்தை முதலில் கண்டுகொண்டவை மீன்சந்தைப் பூனைகள்தான் என்று இன்றைக்கும் சொல்வார்கள். பூனைகளுக்கு நிழல் கறுத்தாலும் ஒன்றுதான், சிவந்தாலும் ஒன்றுதான், ஆனால் காலை வெயிலில் சந்தைக்கு முன்னால் ஒரு மனுசர் நடந்துபோக, விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் பேரம் பேசிக்கொண்டிருந்த வாயை மூடாமலே ஒரே பக்கமாகக் கழுத்தைத் திருப்பியதை அவை பார்த்தன, பார்த்ததும் ஒன்றோடொன்று கலந்து பேசாமல் ஆளுக்கொரு மீனைக் கவ்விக்கொண்டு கூரை ஓட்டில் ஏறிவிட்டன.

அன்றைக்குத் தலை நிமிராத ஒரே ஆள் அமலோற்பவம். சந்தையின் வடக்கு வாசலில் உட்கார்ந்து, வாங்கி வருகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுக்கிறவள். கல்யாணப் பேச்சு வீட்டுக்கு வந்து வந்து திரும்பிப்போய், இப்போது வழியையே மறந்துவிட்ட வயசு அவளுக்கு. அருவாமணையின் மேல் காலை மடக்கி உட்கார்ந்தால், பக்கத்தில் இடி விழுந்தாலும் அவள் கண் மீனை விட்டு அகலாது, ஏனென்றால் அந்த வாசலில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்துத்தான் கட்டைவிரலைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதனால் சந்தை முழுக்க நிழலைப் பார்த்து நின்றபோது அமலோற்பவம் ஒரு சீலா மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள், பிடரியில் மட்டும் யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல் ஒரு இழுப்பு தெரிந்தது, அவள் கழுத்தை விறைத்துக்கொண்டாள்.

நிழல் என்றால் சும்மா சிவப்பு இல்லை. திருவிழாவில் பிள்ளைகள் நாக்கை நீட்டி நீட்டி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு தின்பார்களே குச்சி ஐஸ், அந்தச் சிவப்பு. தரையில் விழுந்தால் தரை சிவந்தது, சுவரில் ஏறினால் சுவர் சிவந்தது, வெள்ளாட்டின் மேல் பட்டால் ஆடு சிவந்து, இஞ்ஞாசி தாண்டிப் போனதும் வெளுத்தது. அது சுடவில்லை, ஒட்டவில்லை, மணக்கவில்லை, மிதித்தவர்களுக்கு நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை. பார்த்தே ஆகவேண்டும் என்பதைத் தவிர அதனால் ஆகக்கூடிய காரியம் உலகத்தில் ஒன்றுமே இல்லை.

ஏன் சிவந்தது என்று ஊர் கொஞ்ச நாள் பேசியது. ஐஸ் பிளாண்டின் அம்மோனியா என்றார்கள், அவருடைய அம்மா நிறைவேற்றாமல் விட்ட நேர்ச்சை என்றார்கள், பிறகு அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார்கள், ஏனென்றால் சமாளிக்கிற வேலையே தலைக்கு மேல் கிடந்தது. இஞ்ஞாசியின் வீடு ஊரின் தெற்கு முனையில், ஐஸ் பிளாண்ட் வடக்கு முனையில், நடுவில் இருப்பது ஒரே கடற்கரைச் சாலை. காலையில் அவர் வடக்கே போகும்போது நிழல் மேற்கே சாய்ந்து சந்தைக்குள் நுழைந்தது, சாயங்காலம் திரும்பும்போது கிழக்கே நீண்டு பள்ளிக்கூடத்தையும் மாதா கோயிலையும் தடவிக்கொண்டு கடல் வரை போனது. நாவிதர் பாதி மீசையை மழித்துவிட்டு மீதியை மறந்தார். தையல்காரர் ஒரு சட்டையின் இரண்டு கையையும் ஒரே தோளில் தைத்தார், சட்டைக்காரரும் அதைப் போட்டுக்கொண்டு நிழலைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். சாயங்காலப் பூசையில் பங்குச்சாமியார் ஒரே சுவிசேஷத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார், சபையில் ஒருவருக்கும் அது தெரியவில்லை, எல்லாருடைய கண்ணும் ஜன்னலில் இருந்தது. மேகம் மூடிய நாளில் மட்டும் ஊரில் கணக்கு வழக்கெல்லாம் சரியாக இருந்தது.

ஊர்க் கமிட்டி கூடியது. குடை பிடித்துக்கொண்டு போங்கள் என்றார்கள்; குடையின் நிழலும் சிவந்து, இன்னும் அகலமாகப் போனது. பஸ்ஸில் ஏறிப் போங்கள் என்றார்கள். பஸ்ஸின் நிழல் முழுக்கச் சிவந்துவிட, டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து அதைப் பார்த்தார், பயணிகளும் இறங்கிப் பார்த்தார்கள், இஞ்ஞாசி மட்டும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தார். வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். பிளாண்டில் மோட்டார் நின்று ஐஸ் உருகியது, மீன் நாறியது. கடைசியில் பங்குச்சாமியார்தான் ஒரு வழி சொன்னார். இஞ்ஞாசி வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கோயில் மணியை அடிப்பது, அடித்தால் அவரவர் கையில் இருக்கும் கத்தி, ஊசி, ஸ்டியரிங், கொதிக்கிற எண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நிம்மதியாகப் பார்த்து முடித்துவிட்டு மறுபடி வேலையைத் தொடங்குவது. அதற்கு நிழல் மணி என்று பேர் வந்தது.

பிறகு ஊர் அதோடு பழகிக்கொண்டது, பழகியதோடு நிற்காமல் பயன்படுத்தவும் தொடங்கியது. ஆஸ்பத்திரி நர்ஸ் குழந்தைகளின் ஊசியை நிழல் மணிக்கு மாற்றினாள், ஒரு குழந்தையும் அழவில்லை. நிலத் தகராறில் வெட்டுக்குத்து வரைக்கும் போன இரண்டு குடும்பங்கள், அரிவாளை ஓங்கிய கையோடு நிழலைப் பார்த்து நின்று, அது போனபிறகு எந்த வார்த்தையில் சண்டையை விட்டோம் என்று ஞாபகம் வராமல் கலைந்துபோனார்கள். இப்படி ஒரு ஊர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு வெளியூரிலிருந்து ஒரு பிக்பாக்கெட் வந்து சேர்ந்தான். மணி அடித்தது, எல்லாரும் திரும்பினார்கள், அவனும் திரும்பினான், கூட்டத்தோடு பார்த்துவிட்டு வெறுங்கையோடு சந்தோஷமாகப் போனான்.

அமலோற்பவம் மட்டும் பார்க்கவில்லை. மணிக்கெல்லாம் கையை நிறுத்தினால் வரிசையில் நிற்கிற சட்டிகளுக்கு யார் பதில் சொல்வது. நாளாக ஆக பிடரி இழுப்பு கூடிக்கொண்டே போனது, தூக்கத்தில்கூடக் கழுத்து தெருப்பக்கம் திரும்பியது, கடைசியில் ஒரு சனிக்கிழமை, கண்ணிமைக்கிற நேரம், நிமிர்ந்துவிட்டாள். சிவப்பு அவள் பார்த்ததையெல்லாம் விட அழகாக இருந்தது. குனிந்து பார்த்தபோது அதே சிவப்பு ஆட்காட்டி விரலிலும் இருந்தது.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலை முழுக்கச் செதிளோடு, அவள் நேரே ஐஸ் பிளாண்டுக்குப் போனாள்.

"ஓய், ஐஸ்காரரே. உம்ம நிழலால வந்த காரியத்தப் பாரும்."

மோட்டார் பக்கத்தில் நின்றிருந்த இஞ்ஞாசி ஓடிவந்து விரலைப் பார்த்தார். உள்ளே போய் ஐஸை உடைத்து, தன் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தார்.

"வலிக்குதாங்க?"

"வலி கெடக்கட்டும். நீரு வேற தெரு வழியா போகப்படாதா?"

"எல்லாத் தெருக்காரங்களும் அதையேதான் சொல்லுதாங்க."

"அப்பம் ராத்திரி வேலைக்கு மாறும்."

"மாறுனேன். நிழலப் பாக்காம இருக்க முடியலன்னு மொதலாளி மறுபடியும் பகலுக்கே போட்டுட்டாரு."

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை போட வந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அவரை முறைத்துப் பார்த்தாள். பிளாண்டுக்குள் வெயில் கிடையாது, வெறும் குளிரும் ட்யூப் லைட்டும்தான், தரையில் விழுந்த நிழல் எல்லார் நிழலையும்போல மங்கலாகக் கிடந்தது, ஆகவே பார்ப்பதற்கு அவருடைய முகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. நாற்பதைத் தொட்ட முகம். எதையோ கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கண்.

"மீசைய எடுத்துட்டீரா?" என்றாள்.

அவர் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எடுத்து ரொம்ப நாளாச்சு. இப்பதான் ஒரு ஆளு கேக்குறீங்க."

"நல்லால்ல. திரும்ப வையும்."

"வைக்கேன்," என்றார் இஞ்ஞாசி. பிறகு, மோட்டார் சத்தத்தில் கேட்கவேண்டும் என்பதற்காக அவள் காதருகே குனிந்து, எல்லாரும் தன்னிடம் தலைகுனிந்தே பேசுவதைச் சொன்னார். "எங்க அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்துல உக்காரவச்சு சோறு போட்டா. நிழலோட மடியில சோறு விழுது, என் தட்டு காலியா கெடக்கு. அக்கா வேணும்னு செய்யல. அவளுக்குத் தெரியவே இல்ல."

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அமலோற்பவம் ஐஸ் பொதியை விரலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தாள்; வீட்டுக்கு வந்தபோது ஐஸ் முழுக்க உருகிக் கைக்குட்டை மட்டும் இருந்தது, அவள் அதைத் துவைத்துக் காயப்போட்டாள், திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து நிழல் மணி அடித்தால் வடக்கு வாசலில் ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. அமலோற்பவம் மீனை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து நிற்பாள், சந்தை முழுக்கத் தரையைப் பார்க்க அவள் மட்டும் இஞ்ஞாசியின் முகத்தைப் பார்ப்பாள். அது லேசுப்பட்ட வேலை இல்லை. கீழே போகிறேன், கீழே போகிறேன் என்று கண் கெஞ்சும், கண்ணீர்கூட வரும், அவள் விடமாட்டாள். "சாப்பிட்டீரா," என்பாள். "சாப்ட்டேன்," என்பார். "மீச வருது," என்பாள். "வருதா," என்பார். அவ்வளவுதான் பேச்சு, ஆனால் அந்த நாலு வார்த்தையைப் பேசி முடிக்க அவருக்கு நாளுக்கு நாள் கூடுதல் நேரம் ஆயிற்று, பூனைகள் கொழுத்தன.

"ஏட்டீ," என்றாள் பக்கத்தில் நண்டு விற்கிற பிலோமி, "அந்த மனுசனுக்கு ஒன் கடைகிட்ட வந்தா மட்டும் காலு ஏன் ஊனிப்போவுது? அவரு நிக்காரு, நாங்க நெழலப் பாக்கோம், என் நண்டெல்லாம் எறங்கிக் கடலுக்கு நடந்து போவுது."

"கட்டிப்போட்டு வித்துக்கிடுங்க மயினி," என்றாள் அமலோற்பவம்.

இப்படி இருக்கும்போதுதான் மாதா கோயில் திருவிழா வந்தது. திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் வள்ளப் போட்டி. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வள்ளம், ஒவ்வொரு வள்ளத்துக்கும் கண்ணைப் பறிக்கிற ஒரு பாய். முன்பு எப்போதோ கப்பலுக்குச் சரக்கு ஏற்றுவதற்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலம் ஒன்று அங்கே உண்டு, துருப்பிடித்து யாரும் போகாமல் கிடந்தது, அன்றைக்கு அதிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று யாரோ ஏற, ஏறியவரைப் பார்த்து அடுத்தவர் ஏற, ஊரே ஏறிவிட்டது. அமலோற்பவத்தின் அப்பா சூசைக்குக் கண்ணில் புரை விழுந்து பாதிப் பார்வைதான், ஆனாலும் வாலிபத்தில் துடுப்புப் போட்டவர், போட்டிச் சத்தத்தையாவது கிட்டே இருந்து கேட்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால், பிலோமியின் மகன்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பாலத்தின் கடைசி நுனியில் வைத்திருந்தார்கள்.

இஞ்ஞாசி சர்பத் கடைக்கு ஐஸ் கொண்டுவந்திருந்தார். தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் அமலோற்பவம் நடந்தாள். ஊரெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிற முதல் சாயங்காலம் அது. வழக்கம்போல அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், அந்த முகத்துக்குப் பின்னால், அவர் தோளைத் தாண்டி, பாலத்தின் ஒரு தூண் மெதுவாக முழங்காலை மடக்குவதைக் கண்டாள்.

"பாலம் சாயுது," என்றாள்.

கோயில் வாசலில் மைக்கைப் பிடித்திருந்த பங்குச்சாமியாரிடம் ஓடிச் சொன்னார்கள். சாமியார் தொண்டை கிழியக் கத்தினார், பாலத்தைவிட்டு இறங்குங்கள் என்று கெஞ்சினார், மாதாவின் பேரால் கட்டளையிட்டார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. மஞ்சள் பாயும் பச்சைப் பாயும் முன்னும் பின்னுமாக வந்துகொண்டிருந்தன, காலுக்குக் கீழே பலகை சரிவதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை, சரிந்த பக்கம் லேசாகச் சாய்ந்துகொண்டு ஆர்ப்பரித்தார்கள். அமலோற்பவம் சந்தைக் குரலில் அப்பா என்று கத்தினாள். நாற்காலி தெரிந்தது, அதன் முதுகு மட்டும்.

அவள் திரும்பி, மேற்கே பனங்காட்டுக்கு மேல் ஒரு ஆள் உயரத்தில் நின்ற சூரியனைப் பார்த்தாள்.

"ஓய், வண்டில ஏறும்."

"எதுக்கு?"

"ஏறும்னா ஏறும்."

இஞ்ஞாசி ஐஸ் பாளத்தின் மேல் ஏறி நின்றார். நிழல் ஒரு தாவில் மணலைக் கடந்து, பாலத்தில் ஏறி, தோள்களின் மேலும் தலைகளின் மேலும் ஓடி, சூசையின் நாற்காலியில் போய் முட்டி நின்றது. மஞ்சள் பாயை விட்டுக் கண்கள் கழன்றன. கரைப் பக்கத்துத் தலைகள் முதலில் திரும்பின, அடுத்து அதற்கடுத்த தலைகள், காற்று திசை மாறினால் பாய் திரும்புகிற மாதிரி பாலமே திரும்பியது. அமலோற்பவம் வண்டியின் கைப்பிடியைப் பற்றி மேற்கே, கோயில் மேட்டை நோக்கி இழுக்கத் தொடங்கினாள். மணலில் சக்கரம் புதைந்தது, அவள் இழுத்தாள், நிழலும் இழுபட்டது, நிழலின் தலையைப் பார்த்துக்கொண்டே ஊர் ஒவ்வோர் அடியாகக் கரையை நோக்கி நடந்தது. வண்டி ஒரு கல்லில் ஏறி இறங்க, ஐஸில் வழுக்கி இஞ்ஞாசி சப்பென்று உட்கார்ந்துவிட்டார்; நிழல் சட்டென்று சுருங்கி மணலுக்கு வந்துவிட, கூட்டம் பாதிப் பாலத்தில் நின்று, வழி தவறிய பிள்ளைபோல விழித்தது.

"எந்திரியும்," என்றாள் அமலோற்பவம், திரும்பிப் பார்க்காமலே. "எங்கப்பா அங்க இருக்காரு. எந்திரியும்."

அவர் எழுந்தார். கையை விரித்து, சிலுவை மாதிரி நின்றார். பாலம் முழுக்க மறுபடியும் சிவந்தது. கூட்டம் நடந்தது, பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டே நடந்தார்கள், சூசையைத் தூக்கிவந்த பையன்கள் நாற்காலியைப் பிடித்த பிடியை விட மறந்து அவரையும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், கடலில் வள்ளங்கள்கூட நிழலைப் பார்த்து மூக்கைத் திருப்பிக் கரைக்கு வந்துவிட்டன, அதனால் அந்த வருஷம் ஜெயித்தது யார் என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. கடைசிக் கால் பாலத்தைவிட்டு மணலில் பதிந்தது. கடல் பெரிதாக மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"விழுந்துட்டு," என்றார் இஞ்ஞாசி, வண்டியின் மேல் நின்றபடி.

ஊர் முழுக்கக் கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாலம் விழுந்ததைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இஞ்ஞாசி, இன்னொருவர் நாற்காலியில் கடலைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சுமந்து வரப்பட்ட சூசை. "பாலத்தக் காணோமே," என்று அவர் சொன்னார், புரை விழுந்த கண்ணைக்கொண்டு பேசுகிறார் என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சூரியன் பனங்காட்டுக்குள் இறங்கியதும் நிழல் அணைந்தது. எல்லாரும் தலைநிமிர்ந்து, தாங்கள் கோயில் வாசலில் நிற்பதைக் கண்டு, திருவிழா விருந்தான அசனச் சோற்றுக்குத்தான் வந்திருக்கிறோம் போலிருக்கிறது என்று வரிசையில் உட்கார்ந்தார்கள். மறுநாள்தான் பாலம் இல்லாதது தெரிந்தது, பக்கத்து ஊர்க்காரன்தான் கழற்றிக்கொண்டு போயிருக்கவேண்டும் என்று கொஞ்ச காலம் அவர்களோடு பேசாமல் இருந்தார்கள். பங்குச்சாமியார் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். மைக் வைத்துச் சொன்னதால் யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் எல்லாரும் சோற்றுக்குப் போனபிறகு அமலோற்பவம் வண்டியடியில் மணலில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அப்பா அப்பா என்று முனகிக்கொண்டே அழுதாள், அழுகை நடுவில் சிரித்தாள். இஞ்ஞாசி இறங்கிவந்து என்ன செய்வதென்று தெரியாமல் மிச்சம் இருந்த ஐஸில் ஒரு துண்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"உங்கப்பாகிட்ட வந்து ஒரு விசயம் பேசட்டா?" என்றார்.

"அப்பாவுக்கு என்ன தெரியும். எங்கிட்ட பேசும்."

"இது போவாதுன்னு தோணுது. நிழலு."

"போவாட்டா இருந்துட்டுப் போவுது. நிழல் ஊருக்கு. நீரு எனக்கு."

தை மாதத்தில் ஒரு காலைப் பூசையில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. மாதா கோயிலின் வாசல் கடலைப் பார்த்தது, இளவெயில் வாசல் வழியாக நேரே உள்ளே வந்தது, பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டிருந்த இரண்டு பேரின் நிழலும் பீடத்துக்கு மேலே வெள்ளைச் சுவரில் பெரிதாக எழுந்து நின்றன, ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. சபை முழுக்கச் சுவரைப் பார்த்தது. சாமியார் வாக்குறுதியைக் கேட்டுவிட்டு, தாமும் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிலோமி பார்த்தாள், இஞ்ஞாசியின் அக்கா பார்த்தாள், தாலியை நீட்டிய கோயில் பணியாள் பார்த்துக்கொண்டே நீட்டினார். டவுனிலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் மணமக்களை விட்டுவிட்டுச் சுவரையே எடுத்துத் தள்ளினார். இஞ்ஞாசி தாலியைக் கட்டி முடித்தார். கோயிலில் அப்படி ஒரு அமைதி. அமலோற்பவம் தலையை மெல்லத் திருப்பிச் சுற்றிலும் பார்த்தாள். இடமும் வலமும் பின்னாலும், சாளைத்துறையில் பிறந்த அத்தனை பேரும் கூடியிருந்தார்கள், அவளை ஒருவரும் பார்க்கவில்லை. அவள் கணவனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அவசரமே இல்லாமல், அவர் வாயில் முத்தம் கொடுத்தாள்.

அந்தக் கல்யாண ஆல்பம் இப்போதும் அவர்கள் வீட்டில் இருக்கிறது, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்கள். முதல் பக்கம் முழுக்க அந்தச் சுவர்ப் படம்தான்: கறுப்பு நிழலும் சிவப்பு நிழலும், இரண்டு தலையும் ஒட்டி ஒன்றாகி, நடுவில் வெயில் நுழைய இடமில்லாமல். பார்க்கிறவர்கள் எல்லாரும் சிவப்பு என்னமாய் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார்கள்.